பிணம் சிரித்த படம்

துப்பறியும் மார்ட்லெட் படங்களிலேயே உருப்படாதது எது என்று கேட்டால், லாஸ் ஏஞ்சலீஸில் பழைய படப் பைத்தியங்கள் யோசிக்கவே மாட்டார்கள். பிணம் சிரித்த படம்தான். சிரித்த பிணம், அதில் கூட நடித்த வில்மாவின் புருஷன் ஆர்வில்.

அப்போது அவன் புருஷனில்லை. அன்று காலை ஸ்டூடியோ கேன்டீனில்தான் கல்யாணப் பேச்சை எடுத்திருந்தான். வில்மா பதில் சொல்லாமல் நழுவிவிட்டாள். பிறகு கதைப்படி பிணத்தின் மேல் விழுந்து அழுதபோது, அவன் காதில் மட்டும், "சரி, கட்டிக்கிறேன்" என்றாள். அந்தக் காட்சியில்தான் பிணம் சிரித்துவிட்டது. திரும்ப எடுக்க நேரமேது? மத்தியானத்துக்குள் அந்த அறை செட்டைக் கலைத்து வேறு படத்துக்கு ஓட்டலாக்க வேண்டும். சின்னப் படங்களின் தலையெழுத்து அது.

தான் சொன்னதைக் கேட்டுத்தான் சிரித்தான் என்பது வில்மாவின் கட்சி. "போடி, நீ வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சுட்டேன். நீ சம்மதிப்பேன்னு எனக்குத் தெரியாதா?" என்பான் ஆர்வில். ஆயுசு முழுக்க இதே சண்டை. படம் வெளியானபோது இருவரும் போனார்கள்தான். கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் திரை எங்கே தெரிந்தது? பிறகு டிவிக்காரர்கள் விளம்பரத்துக்கு இடம் பண்ண அந்தக் காட்சியையே வெட்டி எறிந்தார்கள், பாவிகள்.

போன குளிர்காலத்தில் ஆர்வில் போய்ச் சேர்ந்துவிட்டான். இந்தச் சனிக்கிழமை ஒரு பழைய தியேட்டரில் வெட்டாத பிரதி ஓடுகிறது என்று கேள்விப்பட்டதும், வில்மா நாத்தனார் ஹேசலை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டான், அண்ணி."

"உங்கண்ணனா? வாயத் திறந்தா அளப்புதான். இன்னிக்கிக் குட்டு வெளிப்படும் பாரு."

காட்சி வந்தது. முன்னால் பெரிதாக ஆர்வில் முகம், கண் மூடியபடி. அடேயப்பா, எவ்வளவு சின்னப் பையன்! பின்னால் கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. இன்னும் கட்டிலருகேகூட வரவில்லை. அதற்குள் அவன் உதட்டோரம் மெல்ல விரிந்தது.

தியேட்டரே கைதட்டிச் சிரித்தது. திரையில் வில்மா ஓடி வந்து, குனிந்து, அவன் காதருகே வாயைக் கொண்டுபோனபோது அவன் சிரித்து முடித்திருந்தான்.

"பாத்தீங்களா அண்ணி?" என்றாள் ஹேசல், குதூகலமாக.

"பாத்தேன்."

"இப்ப என்ன சொல்றீங்க?"

வில்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தோத்துட்டேன்னு சொல்லணும். யார்கிட்டப் போய்ச் சொல்றது, ஹேசல்?"