சுத்தமான நஞ்சுக்கொடி

டாக்டரம்மாவின் வண்டி கொட்டகை வாசலில் வந்து நின்றபோது என் ஆடு பிஸ்கட் தன் குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நக்குவாள், உடனே திரும்பி வேலிக்கட்டையில் இடுப்பைத் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்து அந்தப் பக்கம் ரோமம் போய்த் தோல் சிவந்திருந்தது. வயோமிங்கில் ஆடு வளர்க்கிறவர்கள் யாருக்கும் அந்தத் தேய்ப்பு எதன் அடையாளம் என்று தெரியும்: மருந்தே இல்லாத மூளை நோய். பேன்தான், வேறொன்றுமில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

ஹால்வர்சன் டாக்டரம்மா இறங்கியதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“பிஸ்கட்டுக்கு நோய் உறுதியாயிடுச்சு, மைட்டே. ஆனா குட்டி தப்பிச்சுது. நஞ்சுக்கொடிய சோதிச்சுப் பாத்தோம். சுத்தமா இருக்கு.”

“அதெப்படி டாக்டரம்மா? அம்மாவுக்கு நோவுங்கறீங்க. அவ வயித்துலேர்ந்து விழுந்தது மட்டும் சுத்தமா?”

“வயிறு அவளுதுதான். ஆனா நஞ்சுக்கொடியில குட்டியோட பங்குதான் பெருசு. நோய் ஒட்டுற புரதத்த அங்க செய்யறது குட்டியோட மரபணு. இது அப்பன்கிட்டேர்ந்து நல்லத வாங்கிட்டு வந்திருக்கு, அதான் ஒட்டல. வாங்காம வந்திருந்தா நஞ்சுக்கொடி பூரா நோய்தான்.”

என் கணவன் காஸ்டன் தண்ணீர்த் தொட்டியோரம் நின்றிருந்தான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற ஆள், அன்று தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் கேட்டான்.

“செத்துப் பொறந்த குட்டியோட நஞ்சுக்கொடின்னா?”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பிஸ்கட்டைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அன்றைக்கே இன்னொரு ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறந்தது. இந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் காஸ்டனும் செய்தான். செத்த குட்டியின் நஞ்சுக்கொடியை அள்ளி, பிஸ்கட்டின் தலையிலிருந்து வால்வரை பூசினான். இப்போதுதான் பிறந்ததுபோலத் தத்தளிக்கட்டும் என்று கால்களைக் கட்டி, அந்த ஆட்டின் மூக்கடியில் போட்டான். ஆடு மோந்தது, நக்கியது, தன் பிள்ளை என்றே நம்பிவிட்டது. “பாத்தியா, ஒரு அம்மாவையே புடிச்சுக் குடுத்துட்டேன்” என்று சாப்பாட்டு மேசையில் அவன் அளந்த அளப்பு கொஞ்சமல்ல. “ஆமா, பெரிய மருத்துவச்சி!” என்றேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வளர்ப்புத் தாய் பின்னாளில் மெலிந்து, தள்ளாடிச் செத்தாள். வயசாகிவிட்டது என்று நினைத்தோம்.

“நான்தான் பூசினேன்” என்றான் காஸ்டன். “வாய்க்குள்ளகூடப் போயிருக்கும்.”

“எல்லாரும் பண்றதுதானே. அதுலேர்ந்துதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.”

“வேற எங்கேர்ந்து வரும்?”

அவர் வண்டியிலிருந்து ஊசிப் பெட்டியை எடுத்தார். அவன்மேல் எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை, அழுகைதான் வந்தது.

“குட்டி பால் மறக்குற வரைக்குமாவது அவள விட்டுவைங்களேன். தனியாக் கட்டிப்போடறேன். வேற ஆடு எதுவும் பக்கத்துல வராம நான் பாத்துக்கறேன்.”

“விட்டா மத்த ஆடுகளுக்கும் பரவும், மைட்டே. அவள நல்லாப் பாருங்க. நிக்கவே தடுமாறுறா. இனி விழுந்தா எழுந்திரிக்க மாட்டா. அப்போ நீங்களே என்னக் கூப்பிடுவீங்க.”

பிஸ்கட்டின் தலையை நான் மடியில் பிடித்துக்கொண்டேன். ஈன்ற ஆடு தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போடும், தன் குட்டிக்கு மட்டும். ஊசி இறங்கிய பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு நின்றுவிட்டது. குட்டி மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு அவள் மடியை முட்டி முட்டிப் பால் தேடியது. டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குட்டியைப் பிரித்து எடுத்து காஸ்டனிடம் நீட்டினேன். “புடி. நான் போய் பால்பொடி கரைச்சுட்டு வரேன்.”

அவன் கைகளைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை. “இந்தக் கையால நான் தொட மாட்டேன்.”

“அதுக்குப் பசிக்குது, காஸ்டன்.”

குட்டி என் கையில் உதைத்துக்கொண்டு கத்தியது. காஸ்டன் ஒரு கையை வெளியே எடுத்தான். பிறகு மற்றதை. கோட்டின் இரண்டு கைப்பகுதியையும் விரல் நுனி தெரியாதபடி கீழே இழுத்து விட்டுக்கொண்டு, அப்படியே குட்டிக்காக நீட்டினான்.