கையுறைக்குள் மோதிரம்

ஆஸ்பத்திரி மருந்துக்கூடத்தில் டிரிப்ஸ் கலப்பவளுக்கு மாமியார் செத்தும் நிம்மதி இல்லை. கையுறையை எடுத்தால் போதும், காதுக்குள் அந்தக் குரல்: "கையக் கழுவினியாடி?" உயிரோடு இருந்தபோதும் அந்த அம்மாளுக்கு வேறு கேள்வி தெரியாது. காலில் வந்த புண்ணுக்கு எந்த மருந்தும் லேசில் கேட்காமல் உருகிப் போன மனுஷி, சாகுமுன் தன் கல் மோதிரத்தைக் கழற்றி மருமகள் விரலில் திணித்துவிட்டுப் போனாள்.

மருந்து கலக்கும் அறைக்குள் நகை கூடாது. சோப்புப் போட்டும் மோதிரம் கழலவில்லை. வெட்டியெடுக்க மனசு வரவில்லை. அதனால் மற்றவர்கள் வருமுன்னே போய் உறையை மாட்டிக்கொள்வாள். யோசனை வந்தால் உறைக்கு மேலாகவே கட்டைவிரலால் அதைத் திருகுவாள். கல்லின் முனை உறையைக் குத்துமே என்று புத்திக்கு எட்டவில்லை. படித்து என்ன பிரயோஜனம்!

வேலை முடிந்ததும் உறை போட்ட விரல்களைத் தட்டில் பதித்து, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். மூன்று நாளைக்கு முன் இவள் பதித்த தட்டோடுதான் லேப் அக்கா வந்தாள். கிருமி வளர்க்கிறவள் என்று எல்லோரும் 'காளான்' என்று கூப்பிட்டாலும் சிரிக்கிறவள், இன்று சிரிக்கவில்லை.

"மத்த விரலெல்லாம் சுத்தம்டி. கட்டைவிரல் பதிஞ்ச இடத்தப் பாரு."

அங்கே மங்கலாய் மொய்த்துக் கிடந்தது.

"எல்லா மருந்தும் வெச்சுப் பாத்தேன், அசையல. ஒண்ணுக்கு மட்டும் கொஞ்சம் ஒதுங்குது. உங்க அத்தையோட புண்ணுல வளந்ததும் அப்படியே இதே மாதிரிதான்."

அத்தையைக் கொன்றது மோதிரத்தோடு வந்து இவள் விரலில் குடியிருந்திருக்கிறது. இவள் கலந்த டிரிப்ஸ் பச்சைக்குழந்தைகள் வார்டுக்குப் போகிறது. நேற்றிலிருந்து அங்கே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல்.

"குழந்தையோட ரத்தம்?"

"நாளைக்குத்தான் தெரியும். உன் தட்டு எப்படியோ கெட்டுப்போச்சுன்னு எழுதிடவா? வேலை தப்பிக்கும்."

காதுக்குள் அத்தை: "கையக் கழுவினியாடி?"

ஓடினாள். டாக்டர் முன்னால் மூச்சு வாங்க நின்றாள்.

"சார், இப்போ போற மருந்து அந்தக் குழந்தைக்குக் கேக்காது. எங்க அத்தைக்குக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், அதையும் காலம் போனப்புறம்தான் குடுத்தோம். அத இப்பவே குடுங்க சார். என் கையிலேர்ந்துதான் போயிருக்கு." உறையை உரித்துக் கையை நீட்டினாள். டாக்டர் மோதிரத்தைப் பார்த்தார். ஃபோனை எடுத்து வார்டுக்கு அந்த மருந்தைச் சொன்னார்.

மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள். அடியில் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. லேப் அக்கா, கிருமி சாகட்டும் என்று தட்டை நீராவிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அத்தையிடமிருந்து உயிரோடு மிஞ்சியது இது ஒன்றுதானே என்று தோன்றவும், வெட்கமில்லாமல் அழுகை வந்தது.

வேலை போயிற்று. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அக்கா ஃபோனில் சொன்னபோது அவள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஃபோனை வைத்த பிறகுதான் கவனித்தாள்: கட்டைவிரல், இல்லாத மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தது.

"கையக் கழுவினியாடி?"

"கழுவிட்டேன் அத்தை" என்று வாய்விட்டுச் சொன்னாள். குழாயைத் திறந்து மறுபடியும் கழுவினாள்.