பின்பாக்கெட் பர்ஸ்

...இல்லை, இது சீட்டு வலிதான், வேறென்ன, இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறவனுக்குப் பின்பக்கம் வலிக்காமல் பல்லா வலிக்கும், நெப்ராஸ்கா தாண்டும்வரை பொறுத்துக்கொள் லாய்ட் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், வலி கேட்டால்தானே, பிட்டத்தின் நடுவில் பிடித்துத் தொடை வழியாகக் கீழே இறங்கியது... ஆர்வில் அண்ணனும் இதையேதான் சொன்னான், சீட்டு வலிடா, மெத்தைய மாத்தினா போயிடும் என்று, மாற்றினான், கடைசியில் ஸ்கேன் எடுத்தால் இடுப்பெலும்பு முழுக்கப் புற்று, சோள அறுவடைக்கு இருந்தவன் பனிக்கு இல்லை... நினைக்காதே. வெந்நீர்ப் பை, ஜெல் மெத்தை, டென்னிஸ் பந்தை வைத்து உருட்டுவது, எல்லாம் பார்த்தாயிற்று, டாக்டரிடம் போகலாமே, போனால் அவர் ஒரு பெயர் சொல்லிவிடுவாரே, பெயர் இல்லாதவரை இது வெறும் வலிதானே?

மதியம் டீசல் போட நிறுத்தியபோது டெல்பர்ட் பார்த்துவிட்டான், பழைய கூட்டாளி, வாய் சும்மா இருக்காது, "என்னடா நொண்டுற, குண்டியில குதிரை உதைச்சுதா?" என்றபடி இவன் பெல்ட்டில் மாட்டியிருந்த சங்கிலியைப் பிடித்து இழுத்தான், பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸ் வந்து விழுந்தது, "இது பர்ஸா, பைபிளா? நாள் பூரா இதும்மேலயா உக்காந்து ஓட்டுற? நரம்பு நசுங்காம என்னடா பண்ணும்? எனக்கும் இதே கதைதான், வெளிய எடுத்து வெச்சேன், வலி ஓடியே போச்சு." அட, இவ்வளவுதானா, ஒரு தோல் பர்ஸுக்கா இத்தனை நாள் பயந்து செத்தோம், அவனைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது லாய்டுக்கு.

பர்ஸ் இப்போது முன்கண்ணாடிக்குக் கீழே கிடக்கிறது, வலி குறைந்ததா, குறைந்த மாதிரிதான்... போனை ஸ்பீக்கரில் போட்டு மனைவி மார்லிஸைக் கூப்பிட்டு மூச்சுவிடாமல் எல்லாம் சொன்னான். சிரிப்பாள் என்று நினைத்தான், அவள் சிரிக்கவில்லை, ஆர்வில் அண்ணனை அவளும்தானே குளிப்பாட்டினாள், மெதுவாகக் கேட்டாள், "பர்ஸை வலது பாக்கெட்லதானே வெப்ப? வலியும் வலது பக்கம்தானே?"

"ஆமா. வலதுதான்."

"அப்பாடா" என்றாள், அவள் அழுவது கேட்டது. சாலை நேராகப் போய்க்கொண்டிருந்தது, வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது, இடது கை எப்போது போனதோ, இடது பிட்டத்துக்கு அடியில் வலிக்கிற இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.