படத்தில் வந்த தம்பி

திரையில் அந்த அக்கா வாசலில் உட்கார்ந்து நெத்திலியின் தலைகளைக் கிள்ளத் தொடங்கியபோதே மல்சூனுக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் அவளுடைய சந்தைத் தோழி ஓக்புன் தன் கைகளைக் குளிர்ச்சட்டைக்குள் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் பூண்டு வாடை போகாத கைகள். இருட்டில்கூட அவளுக்கு அவற்றை நினைத்துக் கூச்சம். தென்கொரியாவின் யோசு துறைமுகச் சந்தையில் அன்று மதியம் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. கிம்ச்சி ஊறுகாய்க் கடை ஓக்புன்னின் தம்பி இன்சோப் எழுதிய கதை சினிமாவாக வந்திருக்கிறது என்று மீன்காரிகளும் கடற்பாசி விற்பவர்களும் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு கிளம்பி வந்திருந்தார்கள்.

படத்தில், வானத்திலிருந்து இறங்கிய ஏதோ ஒன்று ஒரு பெண்ணின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறது. அவள் செத்துப்போகிறாள். உடம்பு மட்டும் எழுந்து வழக்கம்போலச் சோறாக்குகிறது, தம்பியின் சட்டையைத் துவைக்கிறது. அப்படிப்பட்ட உடம்புகளைப் பிடித்துக்கொண்டு போக அரசாங்க வண்டி தெருத் தெருவாக வருகிறது. கடைசியில் தம்பி வாசலை மறித்து நிற்கிறான். “இவ என் அக்காதான். வேற யாரும் இல்ல” என்று பொய் சொல்கிறான். அரங்கம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம்.

மல்சூன் ஓக்புன்னின் தொடையில் கிள்ளினாள். “இப்பிடி ஒரு தம்பிய வச்சுக்கிட்டு, ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னியாடி? கல்நெஞ்சக்காரி!”

ஓக்புன்னுக்குச் சொல்ல எதுவும் இருந்ததில்லை. அம்மா படுக்கையில் விழுந்த வருடம் பள்ளியை விட்டாள். அம்மாவின் உடம்பைத் துடைத்தாள், தம்பியை வளர்த்தாள், அம்மா போன பிறகு சந்தையில் கடை போட்டாள். பெண் பார்க்க வந்த ஒன்றிரண்டு பேரும் வீட்டு நிலவரம் தெரிந்ததும் வரவில்லை. இன்சோப் சியோலுக்குப் போய் எழுத்தாளன் ஆனான். அவன் எழுதியதைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம், “உனக்குப் புரியாதுக்கா, விண்வெளி அது இதுன்னு வரும்” என்பான். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. இப்போது படம் பார்த்த பிறகுதான், அந்தப் பையன் இத்தனை வருடமாக மனதுக்குள் என்னவெல்லாம் வைத்திருந்திருக்கிறான் என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க அவள் முள்ளங்கிக்கு உப்புப் போடும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மல்சூன்தான் புத்தகம் வாங்கி வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கம் எல்லோரும் கூடினார்கள். “படமே இப்பிடின்னா கதை எப்பிடி இருக்கும்! துண்டை எடுத்து வச்சுக்கங்கடி” என்று சொல்லிவிட்டு மல்சூன் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

கதையில் அக்கா பதினேழு வயதில் செத்துப்போகிறாள். பள்ளிச் சீருடையை மடித்துப் பெட்டியில் வைக்கிற அன்றைக்கு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடமாடுவது அவள் இல்லை. அது சூப்பை உறிஞ்சும்போது எழும் சத்தத்தை இன்சோப் எழுதியிருந்தான். இடது காதுக்குப் பின்னால் எண்ணெய் தெறித்த தழும்பை எழுதியிருந்தான். பாத்திரம் கழுவும்போது ஒரே பாட்டின் ஒரே அடியைத் தப்பாகப் பாடுவதை, குனியும்போது இடுப்பில் மடியும் சதையை, படியேறும்போது வாய் வழியாக விடுகிற மூச்சை.

“அய்யோ, அப்பிடியே நம்ம ஓக்புன்!” என்று கடற்பாசிக்காரி சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

மல்சூனின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துத் திருப்பப் பார்த்தாள்.

“விடாம படி,” என்றாள் ஓக்புன்.

கதையில் அரசாங்க வண்டி தானாக வரவில்லை. தம்பிதான் கூப்பிட்டான். ஆட்கள் அதை ஏற்றும்போது அது திரும்பி, “சாப்பிட்டியா?” என்று கேட்டது. அது கேள்வி அல்ல, பழக்கத்தில் வாயிலிருந்து வந்த ஓசை என்று அவன் எழுதியிருந்தான். அவன் கதவைச் சாத்தினான், சன்னல்களைத் திறந்தான். வீட்டில் முதன்முறையாக எந்த வாடையும் இல்லை. கதை முடிந்தது.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. “சினிமாக்காரங்க நல்லா மாத்தியிருக்காங்க, இல்ல?” என்றாள் மல்சூன். ஓக்புன் எழுந்து வாடிக்கையாளருக்குக் கிம்ச்சி அள்ளிப் போடப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை இன்சோப் ஊருக்கு வந்தான். காலைக் காட்சி முடிந்ததும் அதே அரங்கில் வாசகர்களோடு பேச்சு. ஓக்புன் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். மேடையிலிருந்து அவன் கையசைத்தான். ஒரு கல்லூரிப் பையன் எழுந்து, “கதையில தம்பி வண்டியக் கூப்பிடுறான், படத்துல வண்டிய விரட்டுறான். உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?” என்று கேட்டான்.

“டைரக்டர் நல்ல மனுஷன். அதான் பிரச்சினை,” என்றான் இன்சோப். அரங்கம் சிரித்தது. “ஜனங்க அழுதுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போகணும்னு நெனச்சாரு. நம்ம வீட்டுல நமக்காக ஒரு உடம்பு உழைச்சுக்கிட்டே இருக்குது. உள்ள ஆள் இருக்காங்களான்னு யாரும் பாக்குறதில்ல. அந்தத் தம்பி பாத்தான். யாரும் இல்ல. நான் அதை மறைக்காம எழுதினேன். படம் மறைச்சிருச்சு.”

கைதட்டல் நெடுநேரம் கேட்டது. நிகழ்ச்சியை நடத்திய பெண் உற்சாகமாகி, “எழுத்தாளரோட அக்காவே இங்க வந்திருக்காங்க!” என்று மைக்கை ஓக்புன்னின் கையில் கொடுத்துவிட்டாள். “அம்மா, உங்களுக்குக் கதை பிடிச்சுதா, படம் பிடிச்சுதா?”

ஓக்புன் மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “படத்துல வர்ற தம்பி ரொம்ப நல்லவன்,” என்றாள். மூச்சு மைக்கில் பெரிதாகக் கேட்டது. “ஆனா கதையில வர்றவன்தான் என் தம்பி. நான் வளத்த பையன், எனக்குத் தெரியாதா?”

அரங்கம் வெடித்துச் சிரித்தது. இன்சோப்பும் சிரித்தான். எல்லோரையும்விடச் சற்று அதிக நேரம் சிரித்தான்.

வெளியே துறைமுகத்தைப் பார்த்த படிகளில் அவன் சிகரெட் பற்றவைத்தான். “கோவமாக்கா? வேற யாரப் பத்தி எழுதுவேன்? எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்.”

“நெஜமாவே அப்பிடித் தோணுச்சாடா? உள்ள யாரும் இல்லன்னு?”

இல்லையென்று சொல்ல அவனுக்கு ஒரு வார்த்தை போதும். அவள் அதற்காகத்தான் கேட்டாள். அவன் புகையை விட்டான். “சில நாள் தோணும்க்கா,” என்றான்.

அவள் தலையாட்டினாள். அதற்குள் புத்தகங்களோடு பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அவனிடம் கையெழுத்து வாங்கிய பெண்ணொருத்தி ஓக்புன்னைப் பார்த்து, “அக்கா கேரக்டர் நீங்கதானே? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்றாள்.

“நில்லுக்கா, ஒண்ணுதானே,” என்றான் இன்சோப்.

“அம்மா, சிரிக்காதீங்க. கதையில வர்ற மாதிரி, ஒரு உணர்ச்சியும் இல்லாம நில்லுங்க.”

ஓக்புன் நின்றாள். கைபேசியைப் பார்த்த அந்தப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு அரை அடி பின்னால் நகர்ந்தாள். “அடேயப்பா, அப்படியே இருக்கு,” என்று அடுத்தவளிடம் காட்டினாள். படிகளில் வரிசை நீண்டது. கடற்காற்று நேராக முகத்தில் அடித்ததில் ஓக்புன்னின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது.

“அம்மா, கண்ணத் தொடச்சுக்குங்க,” என்றான் வரிசையில் அடுத்து நின்ற பையன். “படம் கெட்டுப்போயிடும்.”

அவள் சட்டைக் கையால் கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி நேராகப் பார்த்தாள்.