மன்சூர் அலியின் நிதானம்

எனக்கு மன்சூர் அலியைப் பிடிக்காது. கெட்டவன் என்பதால் இல்லை. அலுவலகத்தில் எல்லாரும் வெந்துகொண்டிருக்கும்போது அவன் மட்டும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் போல உட்கார்ந்திருப்பான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் காலத்தில் எங்கள் அலுவலகத்தில் டைப் அடிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். இப்போது இங்கிலீஷ் மிஷின் வந்துவிட்டது. பிரெஞ்சு மிஷினில் ஏ இருந்த இடத்தில் இதில் கியூ இருக்கிறது. இன்னும் சில எழுத்துகளும் இடம் மாறிவிட்டன. வருஷக்கணக்காகப் பழகிய விரல் சொன்ன பேச்சைக் கேட்பதாக இல்லை. நான் அடித்த காகிதத்தைப் பார்த்துப் புது அதிகாரி பூமிநாதன், "என்ன சார் இது, எந்த ஊர் பாஷை?" என்றார். நாகப்பட்டினத்தில் டைப் படித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்திருந்த மன்சூர் அலி தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்கத்தான் என்று எனக்குத் தெரியாதா?

ஒரு மிஷினுக்கு இரண்டு டைப்பிஸ்ட் எதற்கு என்று மேலே கேட்டார்களாம். திங்கட்கிழமை இருவருக்கும் பரீட்சை என்று முடிவானது. நன்றாக அடிப்பவருக்கு மிஷின். மற்றவர் பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் பின்கட்டு அறைக்குப் போய்த் தூசி தட்ட வேண்டியதுதான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கமும் போனது. மனைவி தையல்நாயகியிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். ஆனால் அலுவலகத்தில் விட்டுக்கொடுப்பேனா? "எனக்கென்ன தம்பி, படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம்" என்று மன்சூரிடம் சொல்வேன். "கொடுத்து வச்சவங்கண்ணே" என்பான், அதே குளித்த முகத்தோடு. என் வயிறு எரியும்.

எதைத் தின்று இவன் இப்படி இருக்கிறான் என்று பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருந்தான். அவன் தாயார் அமீர் நிஷா நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"நீங்கதான் சோமசேகரன் தம்பியா? இவன் வாயில எப்பவும் ஒங்க பேருதான். அவரு கல்லு மாதிரி ஒக்காந்திருக்காரு உம்மா, எனக்குத்தான் கை ஒதறுதுங்குறான். காலையில ஆபீசுக்குக் கெளம்புறதுக்குள்ள வாந்தி எடுத்துடுறான். சோத்தத் தொடுறதே இல்ல. எப்படி இருக்கணும்னு நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்க தம்பி."

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அவர் கொடுத்த தேத்தண்ணீரைச் சொட்டு விடாமல் குடித்தேன். தருமபுரத்தில் என் வீடு வரைக்கும் சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தேன். அன்று நான் மறுசோறு கேட்டதும் தையல்நாயகி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் பரீட்சைக்கு முன்னால் இருவரும் தாழ்வாரத்தில் நின்றோம். முந்தின நாள் சந்தோஷமெல்லாம் என்னை விட்டு எங்கோ போய்விட்டிருந்தது. மன்சூர் கைகளைப் பின்னால் கட்டி, ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"எப்படிண்ணே இப்படி இருக்கீங்க? எனக்கும் சொல்லுங்க" என்றான்.

பேசாமல் இருந்திருந்தால் போதும். அவன் தாயார் கேட்டது காதிலேயே நின்றதோ என்னவோ, வாயைத் திறந்துவிட்டேன்.

"எங்கடா இருக்கேன்? ராத்திரி தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா? இந்தா பாரு" என்று கையை நீட்டினேன். நடுங்கியது.

அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அவன் வீட்டிலிருந்து நான் அள்ளிக்கொண்டு போன அதே சந்தோஷம். "நெசமாவாண்ணே?" என்றான். நீளமாக ஒரு மூச்சு விட்டான். உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு பிழை இல்லாமல் அடித்துத் தள்ளிவிட்டான்.

இப்போது நான் பின்கட்டு அறையில் இருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் நாள் முழுக்கக் கேட்கிறது. மத்தியானம் உம்மா கொடுத்தனுப்பும் சாப்பாட்டில் எனக்கும் பங்கு வைத்து, மன்சூர் நன்றாகச் சாப்பிடுகிறான். "அன்னைக்கு நீங்க மட்டும் சொல்லலேன்னா நான் தொலைஞ்சிருப்பேண்ணே" என்கிறான்.

எனக்கும் தினமும் அதுதான் தோன்றுகிறது.