ஓட்டை இலைக்குப் பாலிஷ்

என் மாமனாருக்கு மூன்று பிள்ளைகள், மூன்று வீடுகள். மாமியார் போன பிறகு பிள்ளைகள் உட்கார்ந்து பேசி, வீட்டுக்கு நாலு மாதம் என்று அவரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவரும் தலையாட்டிவிட்டார். எதற்குத்தான் அவர் தலையாட்டாமல் இருந்தார்? நான் பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதுதான் என் பிழைப்பு. இந்த மனிதரிடம் மட்டும் என் வித்தை பலிக்கவில்லை.

மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போட்டே பிள்ளைகளை வளர்த்தவர். வேலையை விட்ட பிறகும் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டுக்கு வந்த வாரமே கதவு, கட்டில், அலமாரி எல்லாம் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தன. மரச்சாமான் தீர்ந்துபோனதும் அவர் கண் என் செடிகள் மேல் விழுந்தது.

எங்கள் ஹாலில் வெயில் நேராக விழாது. அதனால் நிழலில் வளர்கிற செடிகளாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன். மணி பிளான்ட், பாம்புச் செடி, ஒரு ஆந்தூரியம். இவற்றுக்கெல்லாம் ராணி, ஜன்னலோர மூலையில் நிற்கும் மான்ஸ்டெரா. இலை ஒவ்வொன்றும் தாம்பாளம் போல அகலம், அங்கங்கே ஓட்டை. முதல் நாள் அதைப் பார்த்த மாமா, "பூச்சி அரிச்சுடுச்சேம்மா" என்று வருத்தப்பட்டார். அதன் இலையே அப்படித்தான் என்று புரியவைக்க எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் ஓட்டை இலை.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், ஓட்டை இலை புதுக் கார் மாதிரி மின்னுகிறது. மரத்துக்குப் போடும் மெழுகுப் பாலிஷ்! முன்னும் பின்னும் ஒரு இடம் விடாமல் பூசித் தேய்த்திருந்தார்.

"ஒரே தூசியா இருந்துச்சும்மா. இப்பப் பாரு," என்றார் பெருமையாக.

"ஐயோ மாமா, அது மூச்சு விட வேணாமா? இதென்ன நாற்காலியா?" என்று வீடே அதிரக் கத்திவிட்டேன். என் கணவர் ஒரு பிள்ளைப்பூச்சி. சத்தம் கேட்டதும் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு கலந்து, ஒரு மெல்லிய துணியோடு மாமா கையில் கொடுத்தேன். "நீங்க பண்ணின வேலை. நீங்களே சரி பண்ணுங்க."

வழக்கம்போல் தலையாட்டினார். தினமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் இலையைத் தாங்கிக்கொண்டு துடைப்பார். ஆனாலும் பாதி இலைகள் பழுத்து விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் அவர் முகம் சுண்டிப்போகும். அதைப் பார்த்து என் கோபம் கரைந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக மற்ற செடிகளும் அவர் பொறுப்புக்குப் போயின. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "பாம்புச் செடிக்கு இன்னைக்கு ஊத்தலைம்மா" என்பார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு மேடைப் பேச்சு.

அந்தப் பேச்சுக்காகவே நான் சீக்கிரம் வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். அவர் இங்கேயே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் அவர் மனதில் என்ன இருக்கிறதோ! இந்த வாயாடியிடமிருந்து தப்பித்தால் போதும் என்றுகூட நினைத்துக்கொண்டிருக்கலாம். இருங்கள் என்று நான் சொன்னால் தலையாட்டுவார். போங்கள் என்றாலும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நாலு மாதம் முடிந்த அன்று கொழுந்தன் காரோடு வந்துவிட்டான். மாமா சட்டை மாற்றிக்கொண்டு, பையை மடியில் வைத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாமல் வாய் முந்திக்கொண்டது.

"எங்க கூட்டிட்டுப் போற? என் செடி எந்தக் கதியில நிக்குது பாரு. எல்லாம் உங்கப்பா கைவரிசை. அது புது இலை விடுற வரைக்கும் அவரை அனுப்ப முடியாது."

"அண்ணி, ஒரு செடிக்காகவா?"

"உனக்கு அது செடி. நான் ஆசை ஆசையா வளர்த்தது."

கொழுந்தன் ஓட்டை இலையைப் பார்த்தான். நாலைந்து இலைகளோடு அது பாவமாக நின்றது. "புது இலை எப்ப வரும்?"

"அது அதோட இஷ்டம்."

சமையலறை வாசலிலிருந்து என் கணவர், "இருக்கட்டும்டா, பாவம்," என்றார். செடியைச் சொன்னாரா, அப்பாவைச் சொன்னாரா, தெரியவில்லை.

"மாமனாரை அடகு பிடிச்ச மருமகளை இப்பத்தான் பாக்கிறேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே கொழுந்தன் கிளம்பிவிட்டான். மாமா நிமிரவே இல்லை. பிடிக்காத மனிதரைப் பிடித்து வைத்துவிட்டேனோ என்று எனக்குப் பக்கென்றது. அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, செடிப் பக்கம் போனேன்.

செடி வெளிச்சத்தைத் தேடி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவ்வப்போது தொட்டியைத் திருப்பி வைத்தால் இப்படிச் சாயாது. மறந்துவிட்டார் போல என்று நினைத்து, குனிந்து திருப்பினேன்.

சுவர்ப் பக்கம் இளம்பச்சையில் ஒரு புது இலை, முழுசாக விரிந்து, துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று சுருளாக நின்றது.

மாமா அவசரமாக எழுந்து வந்தார். "அதைத் திருப்பாதேம்மா. சின்னவன் எதையாவது மறந்து வச்சிருப்பான். திரும்பி வந்தாலும் வருவான்."

"எப்ப வந்துச்சு மாமா இது?"

"போன மாசமே வந்துடுச்சு. செடி தேறிட்டா இங்க என் வேலை முடிஞ்சுடுமேம்மா."

"இங்கதான் இருக்கணும்னு நீங்களே சொல்லியிருக்கலாமே!"

அவர் தொட்டியை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"மூணு வீட்டுலயும் யாரும் கேக்கலையேம்மா," என்றார்.