ஈ பறக்காத வலைக்கூடம்

"கையை எடு, செடியைத் தொடாதே!"

"அண்ணி, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"என்னத்தைச் சொல்லப்போறே? மூக்கு எனக்கும் இருக்கு. பூச்சிமருந்து வாடை வாசல்வரைக்கும் அடிக்குது!"

"கத்தாதீங்க அண்ணி, வெளியே ஆளுங்க..."

"கத்துவேன்!"

வலைக்கூடத்துக்குள் அண்ணியும் கொழுந்தனும் மல்லுக்கு நின்றார்கள். நோய் தாங்கும் மிளகாய் ரகம் உருவாக்குவது அவள் வேலை. கூடத்தைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

ஒரு கிளையைப் பிடித்து உலுக்கினாள். நேற்றுவரை உலுக்கினால் மாவு தூவியதுபோல் வெள்ளை ஈ கிளம்பும். இன்று ஒன்றுகூடப் பறக்கவில்லை. வரிசைகளுக்கு நடுவே, வேண்டுமென்றே விட்டுவைத்திருந்த, இலைச்சுருட்டை நோய் விழுந்த செடிகளையும் காணோம்.

"அதுங்க எங்கே?"

"பிடுங்கி எரிச்சுட்டேன். பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்களே, உங்க பேரு கெடக் கூடாதேன்னு..."

"அடப்பாவி! அந்தச் சீக்குச் செடியிலேர்ந்துதானே ஈ வைரஸைக் கொண்டுபோய் மத்ததுல ஏத்தும்? அப்பதானே எது சுருளுது, எது தாங்குதுன்னு தெரியும்?"

"நீங்க ஈ வளர்க்கிறதைப் பார்த்து அண்ணனே சிரிக்கிறாரு."

"சிரிக்கட்டும். போன வருஷம் நம்ம மிளகாய்த் தோட்டம் மொத்தமும் சுருண்டப்போ உங்க அண்ணன் சிரிக்கல. முதல் விதையை அங்க போடத்தானே இவ்வளவு பாடு!"

அந்த நேரம் பார்த்து ஆராய்ச்சி நிலைய டைரக்டர் நுழைந்தார், முகமெல்லாம் பல்லாக.

"பிரமாதம்மா! எல்லா வரிசையும் தாங்கிடுச்சே. விதை உற்பத்திக்குக் கொடுத்துடலாம்."

"எல்லாமே எப்படி சார் தாங்கும்? ஈயே இல்ல. இவன் மருந்தடிச்சுட்டான். சோதனையை மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும்."

டைரக்டர் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க. எல்லாம் நோய் தாங்கிடுச்சுன்னு வந்தவங்ககிட்ட நான் சொல்லியாச்சு. மருந்தே படாத செடின்னு தம்பி சொல்லட்டும். என்ன தம்பி?"

கொழுந்தன் அவரைப் பார்த்தான், செடிகளைப் பார்த்தான், அண்ணியை மட்டும் பார்க்கவில்லை.

"சொல்லிடலாம் சார். செடி நல்லாத்தானே அண்ணி இருக்கு?"

வெளியே காலடிச் சத்தம் நெருங்கியது. அவள் டைரக்டரை விலக்கிக்கொண்டு போய்க் கதவை விரியத் திறந்தாள். விருந்தினர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"இந்த விதையைப் போட்டுட்டு, உங்க அண்ணன் சுருண்ட செடியைத் தூக்கிக்கிட்டு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாருன்னு நினைச்சுக்கோ. இப்ப இவங்க காதுல விழற மாதிரிச் சொல்லு, மருந்து அடிச்சியா, இல்லையா?"